ஹகிஸும் ஒடியற் கூழும்

இம்மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் எம்மை அணுகியபோது அவர்கள் உள்ளத்தில் இருந்தது சங்க இலக்கியம் பற்றியதொரு கட்டுரை. நாம் எழுதத் துணிந்ததோ உணவைப் பற்றி. புறநானூறும் இதனுள் ஓரிடத்தில் வருமெனக் கூறி அவர்களை ஒருவாறு அமைதிப்படுத்தினோம்.

இதற்குக் காரணராயினார் எம்முடன் ஒரே வாங்கில் இருந்து பயின்ற பழைய மாணவர் ஒருவர். போர் நிறுத்த காலத்தில், 2003இல், ஊரை விட்டுச் சென்று ஸ்கொத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரிலே குடிகொண்டவர். சென்ற ஆடி மாதம் விடுமுறையில் வந்தவர், ஒரு பிற்பகல் கல்லூரிக்கும் வந்து, ஆசிரியர் ஓய்வறையிலே பையிலிருந்து ஒரு தகரப்பேணியை எடுத்து மேசைமேல் வைத்தார். "மச்சான், இதுதான் அந்த ஊர்ச் சனத்தின்ரை கூழ்" என்றார்.

பேணியின்மேல் ஹகிஸ் என்னும் பெயர் பொறித்திருந்தது. நாம் பிறப்பிலேயே சைவ உணவினர் என்பதை அறிந்தவர் ஆதலின், இது மரக்கறி ஹகிஸ் என்றும் ஊன் ஓர் அணுவும் இதில் இல்லை என்றும் சத்தியஞ் செய்யாத குறையாக உறுதி கூறினார். பேணியைச் சுடுநீரில் இட்டுச் சூடேற்றித் திறந்தோம். கபில நிறம், பருப்பும் அவரையும் ஏதோ ஒரு தானியமும் கலந்து பிசைந்த களி போன்ற தோற்றம், மிளகின் காரம் சற்றுத் தூக்கலாக இருந்தது. முதல் நாட் கறியைக் குழைத்த பிட்டு இதுதான் என்று தீர்ப்புக் கூறினார் விஞ்ஞான ஆசிரியர். கணித ஆசிரியர் ஒரு கரண்டி உண்டு, ஒன்றும் பேசாமல் தேநீரை எடுத்துக் குடித்தார். எமக்கோ அது வெறுப்பையும் தரவில்லை, விருப்பையும் தரவில்லை. ஆனால் அதனை உண்டுகொண்டிருக்கையில் நண்பர் சொன்ன கதை எம்மை விடவில்லை.

அவர் தொழில் புரியும் இடத்திலே ஆண்டுதோறும் சனவரி 25ஆந் தேதி இரவு ஒரு விருந்து நடைபெறுமாம். அன்று ஸ்கொத்லாந்தின் கவிஞர் றொபேட் பேண்ஸ் பிறந்த நாள். ஹகிஸைப் பெரியதொரு தட்டில் ஏந்தி வர, முன்னே ஒருவர் தோற்பைக் குழல் ஊதி வருவார். சபையோர் எழுந்து நிற்பர். ஒருவர் அதனை நோக்கிக் கவிஞர் பாடிய பாட்டைப் பாடி, உரிய அடி வந்ததும் கத்தியால் அதனைப் பிளப்பார். விருந்து முடிந்தபின் ஒருவர் எம் நண்பரைப் பார்த்து, உங்கள் ஊரில் இதுபோன்றதொன்று உண்டா என்று வினவினாராம். "சோறும் கறியும் எண்டு சொல்லிப்போட்டன். கூழ் எண்டு வாய் வரைக்கும் வந்தது மச்சான். அதை எப்பிடி விளங்கப்படுத்துறது எண்ட வெட்கத்திலை விட்டிட்டன்." இதைச் சொல்லிவிட்டு அவர் கேட்டார்: "இப்ப ஒடியற் கூழ் எங்கை குடிக்கலாம்?"

எம்மால் உடனே விடை கூற இயலவில்லை. எமது வீட்டிலும் ஒடியல் மா இல்லை.

கூழைப் பற்றிச் சொல்லுமுன் ஹகிஸ் இன்னதென்று கூறுதல் முறை. பேணியில் வந்த மரக்கறி வகை பிற்காலத்தது. எடின்பரோ நகரத்து மக்ஸ்வீன் என்னும் இறைச்சிக் கடையார், அந்நகரிலே ஸ்கொத்லாந்துக் கவிதை நூலகம் திறக்கப்பட்ட 1984ஆம் ஆண்டில், அதற்கென ஆக்கியது. கவிதைக்கு ஒரு நூலகம் திறக்கும்போது உணவையும் புதிதாக ஆக்கிய அந்த மக்களை எமக்குப் பிடித்துவிட்டது. பழைய ஹகிஸ், செம்மறியாட்டின் இதயம், ஈரல், சுவாசப்பை ஆகியவற்றை அவித்து நறுக்கி, ஓட்ஸ் என்னும் தானியம், கொழுப்பு, வெங்காயம், உப்பு, மிளகு என்பவற்றோடு கலந்து, அந்த ஆட்டின் இரைப்பையினுள்ளேயே அடைத்துத் தைத்து, நீரில் நெடுநேரம் அவிப்பது. மசித்த உருளைக்கிழங்கும் மஞ்சள் நிறமான வேறொரு கிழங்கும் துணையாக வரும்.

கேட்ட மாத்திரத்தில் முகஞ் சுளிப்போர் பலர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் விலங்கின் சுவாசப்பையை மனிதர் உணவிற் சேர்த்தலாகாதென்று 1971இல் விதி செய்தனர்; அதனால் உண்மையான ஹகிஸ் அந்நாட்டினுள் நுழைய முடியாது போயிற்று. ஆயினும் அதன் தோற்றத்தை எண்ணிப் பார்ப்பவர்க்கு அதில் அருவருப்பதற்கு ஒன்றுமில்லை. ஆட்டைக் கொன்றால் முதலிற் கெடுவன உள்ளுறுப்புகள். தசையை உப்பிட்டு வைக்கலாம், விற்கலாம், எசமானுக்குக் கொடுக்கலாம். எஞ்சும் உறுப்புகளை அன்றே சமைத்தாக வேண்டும். சமைக்கப் பாத்திரம் இல்லையெனின் ஆட்டின் இரைப்பையே பாத்திரம். கோதுமை செழிக்காத குளிர்ந்த ஈரமண்ணில் ஓட்ஸ் விளைந்தது. ஆகவே அதுவே மாவாயிற்று. ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜோன்சன், 1755இல் வெளிவந்த தமது அகராதியிலே, அத்தானியம் தம் நாட்டிற் குதிரைக்கு இடப்படுவதைச் சுட்டி ஸ்கொத்லாந்து மக்களை எள்ளி நகையாடினார். அகராதிகாரர் நையாண்டி செய்வதற்குச் சொற்பொருள் கூறுமிடத்தைப் பயன்படுத்துவது முறையா என்பதை அறிஞர் முடிவு செய்க.

வியப்பான செய்தி ஒன்றுண்டு. ஹகிஸ் ஸ்கொத்லாந்துக்கே உரியதன்று. 1430ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் வடமேற்கே இலங்காசயர்ப் பகுதியில் எழுந்த சமையல் நூலொன்றில் அதன் செய்முறை காணப்படுகிறது. அந்நூல் முழுவதும் செய்யுளால் ஆனது என்பது தமிழாசிரியர்க்கு இனிப்பான செய்தி. இங்கிலாந்தின் அடுக்களைகளிலும் ஒருகாலத்தில் ஹகிஸ் வெந்தது. அவர்கள் மறந்தனர், இவர்கள் மறக்கவில்லை. மறவாமைக்கு வறுமை ஒரு காரணம், பாட்டு மற்றொரு காரணம். உழவர் மகனான பேண்ஸ் 1786இல் ஹகிஸை முன்னிலைப்படுத்தி எட்டுச் செய்யுள் பாடினார். அதுவும் அரசவை ஆங்கிலத்தில் அன்று; தம் ஊர் மக்கள் பேசிய மொழியில். பிரான்சு தேசத்துப் பண்டங்களை உண்டு மெலிந்தவனையும் ஹகிஸை உண்டு வலிமை பெற்ற நாட்டுப்புறத்தானையும் எதிரெதிர் நிறுத்திப் பகடி செய்தார். அவர் 1796இல் மறைந்தார். 1801இல் நண்பர் சிலர் அவர் பிறந்த அலோவே ஊர்க் குடிசையிலே கூடி முதல் நினைவு விருந்தை நடத்தினர். அன்றும் ஹகிஸ் பரிமாறப்பட்டது. இன்று உலகெங்கும் அவ்விருந்து நடக்கிறது.

எம்மிடம் அப்படியொரு கவிஞர் இல்லையா? உண்டு. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர், 1953இல் மறைந்தவர், 'தங்கத் தாத்தா' என்று சிறுவராற் கொண்டாடப்பட்டவர், ஆடிப்பிறப்பன்று ஆக்கும் கூழையும் கொழுக்கட்டையையும் பாடிவைத்தார். அப்பாட்டை மனனஞ் செய்யாமல் எம் தலைமுறையில் எவரும் கீழ்வகுப்பைக் கடக்கவில்லை. பனையின் பெருமை கூறத் தாலவிலாசம் என்றொரு நூலும் செய்தார். பேண்ஸுக்கு நிகர் யாரென்று பழைய மாணவர் எவரேனும் புலம்பெயர் நாட்டில் வினவப்பட்டால் அஞ்சாது இவர் பெயரைக் கூறலாம்.

ஆனால் ஓர் இடறல். நண்பர் வந்து சென்ற மறுநாள், அப்பாட்டை ஏழாம் வகுப்பிற் கற்பித்துக்கொண்டிருக்கையில், பலாவிலையைக் கோலிக் கூழ் குடித்தவர் யார் யார் என்று கேட்டோம். நாலைந்து கைகளே உயர்ந்தன. மற்றையோர்க்குப் பாட்டுத் தெரியும், சொற்பொருள் தெரியும், வினாவுக்கு விடை எழுதத் தெரியும், கூழ் தெரியாது. ஒரு மாணவி, "சேர், அது கஷ்டப்பட்ட ஆக்கள் குடிக்கிறதெல்லோ?" என்றாள். அவளைக் கடிந்து பயனில்லை. வீட்டிலே குரக்கன் பிட்டு அவித்துக் கொடுத்தாலும் அதனைப் பள்ளிக்குக் கொணராமல், கடைப் பாணைக் கொணரும் பிள்ளைகளை நாம் நாள்தோறும் காண்கின்றோம்.

ஈண்டு ஒரு தெளிவு வேண்டும். புலவர் பாடிய ஆடிக்கூழ் இனிப்பானது. அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி என்பன சேர்வது. நண்பர் கேட்ட ஒடியற் கூழ் வேறு. உறைப்பும் புளிப்பும் உப்பும் கூடியது. ஹகிஸுக்கு உறவு கூறத்தக்கது இதுவே.

ஆவணி, புரட்டாதியில் விழுந்த பனம்பழங்களின் கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கி மண்ணால் மூடுவர். மழைக்காலத்தில் அவை முளைத்து நிலத்துள்ளே கிழங்கு இறக்கும். தை, மாசியிற் பாத்தியைக் கிண்டுவர். கிழங்கை அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். பச்சையாகவே இரண்டாகக் கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். முளைத்த கொட்டையைப் பிளந்தால் உள்ளே பஞ்சுபோன்ற பூரான். அது சிறுவர் பங்கு. ஒடியலை இடித்து அரித்த மா ஆண்டு முழுவதும் பழுதுறாது கிடக்கும். நெல் பொய்த்த ஆண்டிலும், கடல் கொந்தளித்துத் தோணி இறங்காத கிழமையிலும் கைகொடுப்பது அதுவே. ஆனால் அம்மாவிற் கசப்புண்டு. நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து, மீண்டும் நீர் விட்டு வடித்தே உலையிற் சேர்த்தல் வேண்டும். இதனைக் கருதாது சமைத்தவர் வாயும் வயிறும் படும் பாடு சொல்லுந்தரமன்று.

உலையிலே கைப்பிடி அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, முருங்கையிலை என்பன வேகும். கடலோரத்தார் சிறுமீனும் மீன்தலையும் நண்டும் இறாலும் இடுவர். நந்திக்கடல் இறாலுக்கு ஈடில்லை என்பார் முல்லைத்தீவார்; நாம் அதுபற்றி அபிப்பிராயங் கூற உரிமையில்லாதவர். செத்தல் மிளகாயை அரைத்துக் கரைத்து, பழப்புளி விட்டு, இறுதியில் மாவைக் கரைத்து ஊற்றித் துழாவ, அது தடித்து வரும். கவனித்தீர்களா? விலைபோகாத சிறுமீன், எறியத்தக்க தலை, சுளை தின்றபின் எஞ்சிய கொட்டை, வேலியில் நின்ற இலை. அதாவது, மீதமானவற்றை எல்லாம் ஒரு பானையில் ஒன்றாக்கி ஊரையே இருத்தி உண்பிக்கும் உபாயம். ஸ்கொத்லாந்துக்காரர் இரைப்பையில் அடைத்ததை நாம் பானையில் இட்டோம். அயலார் சிலர் தீபாவளிக்கு ஓர் ஆட்டை வாங்கிப் பங்கு போடும் வழக்கமும் இத்தகையதே. ஈரலில் ஒரு துண்டு, குடலில் ஒரு துண்டு, எலும்பில் ஒரு துண்டு என எல்லா உறுப்பும் ஒவ்வொரு பங்கிலும் இருத்தல் வேண்டும்; குருதியும் வறையாகும். இந்துக் கல்லூரி மலரில் இதற்குமேல் எழுதுதல் தகாது.

ஒடியற் கூழ் யாழ்ப்பாணத்தாரது அன்றோ, வன்னிக்கு அதில் என்ன உரிமை என்று வினவுவாரும் உளர். வன்னியில் மூன்று அடுக்களைகள் கலந்தன என்பதே எமது விடை. கிளிநொச்சி 1936இல், யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்க இரணைமடுக் குளத்தை நம்பி அமைந்த குடியேற்றம். வந்தவர்கள் மண்வெட்டியோடு ஒடியல் மூட்டையையும் கொண்டு வந்தனர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களால் மலையகத்திலிருந்து பெயர்ந்து வந்தவர்கள் கோதுமை மா ரொட்டியையும் கட்டச் சம்பலையும் கொண்டு வந்தனர். தடித்த அந்த ரொட்டி ஒன்றை விடியலில் உண்டு மலையேறினால் நண்பகல்வரை வயிறு கேளாது. அவர்தம் முன்னோரை வேலை கொண்ட தோட்டத்துரைமாருள் ஸ்கொத்லாந்தார் மிகப் பலர். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்திலே இலங்கையின் தேயிலைத் தொழிலைத் தொடக்கிய ஜேம்ஸ் டெயிலரும் அந்நாட்டவரே. துரை பங்களாவில் ஹகிஸ் வெந்ததோ என்னவோ, லயத்தில் வெந்தது ரொட்டி.

மூன்றாவது, பழைய வன்னியின் சொந்த அடுக்களை. அது காட்டையும் குளத்தையும் சேனையையும் நம்பியது. சேனையில் குரக்கன், தினை, சாமை, பயறு, எள்ளு. குரக்கன் மாவைப் பிட்டாக அவித்து எருமைத் தயிரோடும் தேனோடும் உண்பவர்க்குப் பகல் முழுதும் வேறு உணவு வேண்டா. ஆனி, ஆடியிற் பாலைப்பழம். பொன்னிறமான அச்சிறு பழத்தைப் பத்துத் தின்றால் உதடுகள் பாலில் ஒட்டிக்கொள்ளும், பேச இயலாது. வகுப்பில் அமைதி நிலவுவதற்கு இதனினும் சிறந்த வழியை ஆசிரிய பயிற்சிக் கலாசாலையிலும் நாம் கற்கவில்லை. வீரைப்பழம் செந்நிறத்தது. காட்டிலே தேன் எடுக்கப் போனோர், வேட்டை விலக்கப்படாத பழங்காலத்தில், மான் வற்றலைத் தேனில் இட்டு வைத்தனர் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

குளங்களிலே அல்லியரிசி. நீர் வற்றும் காலத்தில் ஆம்பலின் முதிர்ந்த காய்களைப் பறித்து, கடுகளவான விதைகளைப் பிரித்துக் கழுவி உலர்த்திச் சோறாக்குவர். சிங்களக் கிராமத்தார் இதனையே ஒலுகால் என்பர். வவுனிக்குளத்துக்கும் அநுராதபுரத்துக் குளங்களுக்கும் இதில் வேற்றுமை இல்லை. புறநானூற்றின் 248ஆம் பாட்டு இவ்வுணவைப் பற்றியதே. ஒக்கூர் மாசாத்தனார் பாடியது. கணவனை இழந்தாள் ஒருத்தி ஆம்பலைப் பார்த்து இரங்குகிறாள். இளமையிலே தனக்குத் தழையாடையாக இருந்த அதே பூ, இன்று பொழுது தப்பி உண்ணும் உணவாயிற்றே என்பது அவள் துயரம். கைம்பெண்டிரின் நோன்புணவு என்று உரை கூறும். இப்பாட்டைச் சில ஆண்டுகளுக்கு முன்வரை வன்னி வகுப்பறையிற் கற்பிப்பது எமக்கு எளிதாக இருக்கவில்லை. தந்தையரை இழந்த பிள்ளைகள் ஒவ்வொரு வாங்கிலும் இருந்தனர். உரையை விரைந்து சொல்லி அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம். பிள்ளைகளும் ஒன்றும் கேட்பதில்லை.

நண்பருக்கும் எமக்கும் பொதுவான நினைவு 1996. அவ்வாண்டு கிளிநொச்சி பெயர்ந்தது. அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கங்களில் மரநிழலிலே படித்தோம். பொருளாதாரத் தடைக் காலம்; சீனி இல்லாத தேநீருக்குப் பனங்கட்டியைக் கடித்தோம். அங்கே ஒரு கிழவி பின்னேரங்களில் ஒடியற் கூழ் காய்ச்சுவார். உறவினர், அயலார், பெயர் தெரியாதவர் என்ற வேற்றுமை இன்றி எல்லார்க்கும் அகப்பை சரிசமம். எம்மைக் கண்டால், "சைவப் பிள்ளைக்கு வேறையா எடுத்து வைச்சனான்" என்பார். மீன் இடுமுன் ஒரு சிரட்டை எடுத்து வைத்திருப்பார். அந்தக் கூழையே எம் நண்பர் கிளாஸ்கோவில் சொல்லக் கூசினார்.

மற்றொரு பானத்தையும் கூறாமல் விடலாகாது. 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், புதுக்குடியிருப்பிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை ஒடுங்கிக்கொண்டே போன நிலத்திலே, பல்லாயிரம் பேரின் உயிரைத் தாங்கியது கஞ்சி. அரிசி, நீர், உப்பு. தேங்காய்ப்பால் வாய்த்த நாள் நல்ல நாள். வரிசையில் நின்றோம், வரிசையிலிருந்து மீளாதவரும் உண்டு. ஆண்டுதோறும் மே மாதத்தில் அக்கஞ்சியைத் தெருவோரங்களிற் காய்ச்சி வழங்குகின்றனர். அது சுவையாக இருந்ததா என்று மாணவர் சிலர் வினவுவதுண்டு. உப்பு இருந்தது, அதுவும் எல்லா நாளும் இல்லை. ஆயினும் சுரங் கண்ட வேளையில் எம் வாய் கேட்பது இன்றுவரை அந்தக் கஞ்சியையே. ஏன் என்று விளக்க எமக்குத் தெரியவில்லை. யப்பானியர் காலையில் உண்ணும், நூல் நூலாக இழுபடும் புளித்த அவரையை அயலார் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்கின்றனர். யப்பானியருக்கோ அது வீட்டின் மணம். விளக்கம் கேட்டால் அவரும் திகைப்பார் போலும்.

கூழுக்கு வருவோம். பொதி செய்த ஒடியல் மா கடைகளிற் கிடைக்கின்றது. 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் முயற்சியை இவ்விடத்து நன்றியோடு நினைக்கின்றோம். ஆனால் காய்ச்சத் தெரிந்தவர் வேண்டுமே. ஈற்றில் திருவையாற்றில் எண்பது வயதைக் கடந்த ஆச்சி ஒருவர் இசைந்தார். கடை மாவை விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்த்து, "இதை ஆர் இடிச்சது, எப்ப இடிச்சது எண்டு தெரியாமல் நான் உலையிலை போடன் வாத்தியார்" என்று மறுத்துவிட்டார். தருமபுரத்தில் உறவினர் ஒருவர் வீட்டிலிருந்து ஒடியல் வருவிக்கப்பட்டு அவர் முற்றத்திலேயே இடிக்கப்பட்டது. இரண்டு நாள் சென்றன. மூன்றாம் நாள் மாலை இருபது பேர் அளவில் முற்றத்திலே கூடினோம். ஏழாம் வகுப்பு மாணவர் சிலரையும், கஷ்டப்பட்டவர் உணவு என்று கூறிய அம்மாணவியையும் பெற்றார் இசைவோடு அழைத்திருந்தோம்.

ஆச்சி ஒரு கணமும் ஓய்ந்திருக்கவில்லை. மாவை ஊறவிட்ட பாத்திரத்தை எவரும் தொடக்கூடாது என்றார். "அவசரப்பட்டால் கசக்கும். தெளியுமட்டும் பாத்துக்கொண்டிருக்கோணும். வடி, பிறகும் தண்ணி விடு, பிறகும் வடி. அவ்வளவுதான் வித்தை" என்றார். எத்தனை முறை வடிப்பது என்று குறிப்பெடுக்க முனைந்த எம்மைப் பார்த்துச் சிரித்து, "எண்ணிக்கை இல்லை வாத்தியார், நாக்குத்தான்" என்றார். எமது குறிப்புப் புத்தகத்தில் அவ்விடம் வெறுமையாகவே இருக்கிறது. எமக்கென மீனில்லாத சிறு பானையொன்று தனியே கொதித்தது.

பலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்துவதற்குப் பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் பிடித்தது. பாட்டிற் படித்ததைக் கையாற் செய்யும்போது அவர்கள் அடைந்த மகிழ்ச்சியை நாம் வகுப்பில் ஒருபோதும் கண்டிலேம். அம்மாணவி முதல் மிடறிற் கண்களை மூடினாள், உறைப்பு. இரண்டாம் இலையைத் தானே கோலிக்கொண்டு வந்தாள். ஒரு பையன், ஏழு தண்ணீர்க் குவளைக்குப் பின்னும், தனக்குப் பிடிக்கவில்லை என்று துணிந்து சொன்னான். அதுவும் நல்லதே. நண்பர் நான்கு இலை குடித்தார். பேசவில்லை. பின்னர் ஆச்சியிடம் ஒரு கிலோ மா கேட்டார்.

சென்ற மாசியில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. சனவரி 25ஆந் தேதி விருந்துக்குத் தாமும் ஒரு பானை கொண்டு சென்றாராம். நண்டும் இறாலும் அங்கே தாராளம்; பயற்றங்காய் தமிழ்க் கடையில்; பலாவிலை கிடைக்காமையால் காகிதக் குவளை. கவிஞர் பாட்டு முடிந்து ஹகிஸ் பிளக்கப்பட்டபின், நவாலியூர்ப் புலவரின் பாட்டைத் தாம் தமிழிலேயே பாடியதாகவும், அது இனிப்புக் கூழைப் பற்றியது என்பதை யாரிடமும் சொல்லவில்லை எனவும் எழுதியிருந்தார். ஒருவர் இரண்டாங் குவளை கேட்டாராம். இன்னொருவர் ஒரு மிடறோடு வைத்துவிட்டாராம்.

கடிதத்தைத் திருவையாற்றுக்குக் கொண்டுசென்று ஆச்சிக்கு முழுவதும் வாசித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், "வைச்சுப்போட்டுப் போனவருக்குக் கசந்திருக்கும்" என்றார். சிறிது நேரஞ் சென்று, "மாவை ஒழுங்கா வடிச்சவனாமோ?" என்று கேட்டார். கடிதத்தில் அதுபற்றி ஒன்றும் இல்லை. எழுதிக் கேட்டிருக்கிறோம்.